தடாகங்களைக் கொண்டு கழிவுநீரின் அமோனியாவை அகற்றுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

மாட்டுப் பண்ணை, இறைச்சி வெட்டும் இடம், கோழி பதப்படுத்தும் நிலையம், மாணவர் விடுதி, பாசிக்குடா அல்லது அறுகம்பே பக்கத்து ஹோட்டல் என்று எதை நடத்தினாலும், தடாகம் வெட்டிக் கழிவுநீரைச் சுத்திகரிப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நீர் தெளிந்துவிடும், நாற்றம் குறைந்துவிடும், பிஓடி (நீரிலுள்ள கழிவை உக்கவைக்கச் செலவாகும் ஒட்சிசனின் அளவு) அறிக்கையும் பரவாயில்லை என்று வரும். அமோனியா மட்டும் இறங்காது. உடனே இன்னொரு தடாகம் வெட்டுவார்கள், அல்லது இறால் பண்ணையில் ஓடுகிற சக்கரக் காற்றூட்டியை வாங்கி நடுவில் மிதக்க விடுவார்கள். பணம் போகும், அமோனியா அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. அமோனியாவைத் தின்னும் பக்டீரியாக்கள் மெதுவாக வளர்பவை. அவற்றுக்கு நான்கு பொருள் ஒரே நேரத்தில் வேண்டும்: ஒட்சிசன், காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் நீரின் சக்தி), ஒட்டி வாழ ஒரு மேற்பரப்பு, போட்டியில்லாத தண்ணீர். நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றும் வீண். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் தடாகத்தில் எது குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றியே போகிறது.

முதலில் இலக்கு: 50 போதுமா?

2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி, உள்நாட்டு நீர்நிலைகளுக்கு விடும் கழிவுநீரில் அமோனியா நைதரசன் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிஓடிக்கு எல்லை 30. பலரும் இந்த 50ஐ மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அதோடு சேர்ந்த நிபந்தனையையும் படிக்க வேண்டும். வெளியேறும் நீர், குறைந்தது 8 மடங்கு சுத்தமான நீருடன் கலக்கும் என்ற எடுகோளில் வைத்த அளவு அது. கலப்பு அதற்குக் குறைந்தால் எல்லையும் அதே விகிதத்தில் குறையும். இரண்டு மடங்குதான் கலக்கிறது என்றால் உங்கள் எல்லை 12.5.

இனி நமது மட்டக்களப்பு வாவியை நினைத்துப் பாருங்கள். ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனை வரை 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிட்டால், கோடையில் அந்த நீர் எங்கும் போகாது. ஓடாத நீரில் 8 மடங்குக் கலப்பு எங்கிருந்து வரும்?

அதைவிடப் பெரிய காரணம் பீஎச், அதாவது நீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு. நீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. அமோனியம் அயனாக இருக்கும்போது மீனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. அயனாகாத அமோனியாதான் செவுளைக் கடந்து உள்ளே போகும் நஞ்சு. 30 பாகை வெப்பத்தில் பீஎச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு வீதத்துக்கும் குறைவுதான் அந்த நச்சு வடிவம். பீஎச் 8இல் அது ஏழு, எட்டு வீதம் ஆகிறது. பீஎச் 9இல் ஏறத்தாழ 45 வீதம். பாசி பிடித்த ஆழமில்லாத நீரில் பிற்பகல் மூன்று மணிக்கு பீஎச் 9ஐத் தொடுவது அதிசயமே இல்லை. அயனாகாத அமோனியா லீற்றருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே மீன்களுக்குத் தொல்லை தொடங்கும். ஆகவே அனுமதிப்பத்திரத்தில் 50 என்று எழுதியிருந்தாலும், வாவிக்கோ அதில் விழும் வாய்க்காலுக்கோ விடுபவர்கள் 10ஐ இலக்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நீரில் தூண்டில் போடுகிறவர்களும் வலை வீசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

படி 1: அளவெடுங்கள், அதுவும் இரண்டு வேளை

பிஓடி, மொத்த நைதரசன் இரண்டையும் ஆய்வுகூடத்தில் பாருங்கள். மற்றதை நீங்களே பார்க்கலாம். மீன் தொட்டிக்காரர்களும் இறால் பண்ணைக்காரர்களும் பாவிக்கும் அமோனியாப் பரிசோதனைப் பெட்டி போதும். சிறு குழாயில் ஐந்து மில்லிலீற்றர் நீர் எடுத்துத் துளி மருந்துகளை விட்டால், அமோனியா இல்லாத நீர் மஞ்சளாக இருக்கும்; கூடக் கூடப் பச்சை ஏறும். அட்டையின் கடைசிப் பச்சை பெரும்பாலும் 8 மில்லிகிராமோடு நின்றுவிடும். கழிவுநீரை அப்படியே சோதித்தால் எப்போதும் கடும் பச்சைதான் வரும், ஒன்றும் தெரியாது. ஒரு பங்கு கழிவுநீருக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துச் சோதித்து, விடையைப் பத்தால் பெருக்குங்கள். பெட்டி காட்டுவது அமோனியமா, நைதரசனா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள். அமோனியம் என்றால் 1.29ஆல் வகுத்தால்தான் நைதரசன் கணக்கு வரும். ஒழுங்குவிதி பேசுவது நைதரசனில்.

பீஎச்சையும் கரைந்த ஒட்சிசனையும் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை பாருங்கள். பகலில் பாசி ஒட்சிசனைக் கக்கும், காபனீரொட்சைட்டை உறிஞ்சும், பீஎச் ஏறும். இரவில் எல்லாம் தலைகீழ். மத்தியானம் மட்டும் அளந்தவருக்கு ஒட்சிசன் தாராளமாக இருப்பது போலத் தெரியும். விடியற்காலையில் அது சுழியத்துக்குப் போயிருப்பது தெரியாது. காரத்தன்மையையும் கட்டாயம் அளவுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். மட்டக்களப்பு வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் அரை நாள் கிடந்த போத்தலின் அறிக்கையை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

படி 2: எழுவான்கரையா, படுவான்கரையா

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை முழுக்க மணல். நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். அங்கே தடாகம் வெட்டி அப்படியே விட்டால் கழிவுநீர் நிலத்துக்குள் இறங்கிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போய்விடும். அமோனியா மணலுக்குள் ஒட்சிசனைச் சந்தித்து நைத்திரேற்றாக மாறும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால், போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி மாதிரி வீடும் கிணறும் நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. தடிப்பான பொலித்தீன் விரிப்பு அல்லது கொங்கிரீற் போடத்தான் வேண்டும். ஆழமாக வெட்டாமல், வரம்பை உயர்த்தித் தரைக்கு மேலே தடாகம் அமைப்பதும் நல்ல வழி.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் வயல் பக்கங்களிலும் களிமண் கிடைக்கும். ஈரமாக்கி, அடுக்கடுக்காகப் போட்டு, உருளையால் இறுக்கினால் போதிய தடுப்பு வரும். அங்கே கவலை வெள்ளம். மாரியில் வயல் நீர் எந்த மட்டம் வரை ஏறும் என்று அந்த ஊர் விவசாயிகளிடம் கேட்டு, வரம்பை அதற்கு மேலே உயர்த்துங்கள். வரைபடத்தைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும். வாவிக் கரையில் கண்டல் மரம் நிற்கும் இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திர வேலையை மண் வெட்டுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

படி 3: தடாக வரிசையின் கணக்கு

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒரு பண்ணையும் சிறு இறைச்சி நிலையமும் சேர்ந்து நாளொன்றுக்கு 40 கன மீற்றர், அதாவது 40,000 லீற்றர் கழிவுநீர் விடுகின்றன. லீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில் பிஓடி 1,200, மொத்த நைதரசன் 100. இரத்தமும் சாணமும் இதில் கலக்காமல் தனியாகப் பிடிக்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அமோனியாவைக் குறைக்க மிக மலிவான வழி அதுதான். தரையில் கிடக்கும் சாணத்தை முதலில் மண்வெட்டியால் வழித்தெடுத்துவிட்டுப் பிறகு குழாய் பிடித்துக் கழுவுங்கள். இந்தப் பழக்கம் ஒன்று போதும், தடாகத்தின் சுமை கண்ணுக்குத் தெரியக் குறையும்.

முதலாவது, காற்றில்லாத் தடாகம். ஆழம் மூன்று மீற்றரளவு. நமது வெப்பத்தில் ஒரு கன மீற்றருக்கு நாளுக்கு 300 கிராம் பிஓடி வரை கொடுக்கலாம். நாளுக்கு 48 கிலோகிராம் பிஓடி வருகிறது. 160 கன மீற்றர் வேண்டும். நீர் நான்கு நாள் தங்கும். பிஓடியில் 60 வீதமாவது இங்கே போய்விடும். அமோனியா போகாது, கூடும்! புரதத்துக்குள் இருந்த நைதரசன் உடைந்து அமோனியாவாக வெளியே வருவது இங்கேதான். உள்ளே வருவதைவிட வெளியே போவதில் அமோனியா அதிகம் என்று கண்டு பயப்படாதீர்கள். தடாகம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். நமது கணக்கில் வெளியே வருவது 90 என்று கொள்வோம்.

இரண்டாவது, பச்சைத் தடாகம். மேல் அடுக்கில் பாசியும் ஒட்சிசனும், அடியில் காற்றில்லாச் சேறும் சேர்ந்து வேலை செய்யும் இடம். ஆழம் ஒன்றரை மீற்றர். இதை மேற்பரப்பைக் கொண்டு அளக்க வேண்டும். 25 பாகையில் ஒரு ஹெக்ரேயருக்கு நாளுக்கு 350 கிலோகிராம் பிஓடி என்பது தடாகச் சுத்திகரிப்பு ஆய்வாளர் டங்கன் மாராவின் சூத்திரம் தரும் அளவு. மாரியின் முகில் மூட்டத்தை நினைத்து நான் 300க்கு மேல் போகமாட்டேன். மீதி 19 கிலோகிராமுக்கு 640 சதுர மீற்றர் வரும், 25 பேர்ச். நீளம் அகலத்தின் மூன்று மடங்காக இருக்கட்டும். உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் எதிர் மூலைகளில் இருக்க வேண்டும். கோடையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நீர் காற்றுக்கு எதிராக ஓடும்படி அமைத்தால் குறுக்கு வழியில் ஓடித் தப்பாது.

மூன்றாவது, கடைசிச் சுத்திகரிப்புக்காக ஒரு மீற்றர் ஆழத்தில் இரண்டு முதிர்ச்சித் தடாகங்கள். ஒவ்வொன்றும் 200 சதுர மீற்றர், ஐந்து நாள் தங்கல். வரம்பு, வழி எல்லாம் சேர்த்து அரை ஏக்கர் ஒதுக்குங்கள்.

சரி, இவ்வளவும் செய்தால் அமோனியா எவ்வளவு இறங்கும்? இதைக் கணிக்க 1982இல் பானோ, மிடில்புரூக்ஸ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட சமன்பாடு ஒன்று இருக்கிறது. அதை நமது அளவுகளுக்குப் போட்டால் விடை முழுவதும் பீஎச்சில் தொங்குகிறது. பச்சைத் தடாகத்தில் பீஎச் 8 என்றால் 90 என்பது 53 ஆகும். 7.5 என்றால் 68தான். முதிர்ச்சித் தடாகங்களையும் சேர்த்து, நல்ல வெயிலில் 25 வரை இறக்கலாம். முகில் மூடிய மார்கழியில் 55க்குக் கீழே வராது. தடாகம் மட்டுமே உள்ள ஒரு இடம் ஆவணியில் பாராட்டு வாங்கி, மார்கழியில் எச்சரிக்கைக் கடிதம் வாங்குவது இதனால்தான்.

அமோனியா பெரும்பாலும் காற்றில் ஆவியாகப் போய்விடுகிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் நைதரசன் 15 என்ற ஓரிடமூலகத்தை அடையாளமாகப் போட்டுப் பார்த்தபோது, ஆவியாவது மிகக் குறைவு, பாசிதான் பெரும்பங்கை உறிஞ்சுகிறது என்று தெரிந்தது. நமக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. பாசி உறிஞ்சியது பாசிக்குள்தான் இருக்கிறது. பாசி செத்து அடியில் விழுந்தால் ஒரு பகுதி திரும்ப அமோனியாவாக வரும். பாசியை வெளியே விட்டால் வாவிக்குள் போய் அழுகும். பாசியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

படி 4: கல் வடிகட்டி, முழு அமைப்பின் உயிர்நாடி

முதல் முதிர்ச்சித் தடாகத்துக்கும் இரண்டாவதற்கும் இடையில் ஒரு கல் வடிகட்டியைப் போடுங்கள். நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பெரிய காற்றூட்டியைவிட, கூடுதல் தடாகத்தைவிட, காசுக்கு அதிக பலன் தருவது இதுதான்.

நைத்திரோசோமோனாசு போன்ற பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக்கும். நைத்திரோபக்டரும் நைத்திரோசுபைராவும் அதை நைத்திரேற்றாக்கும். மிதந்துகொண்டிருந்தால், இவை பெருகுவதற்கு முன்பே நீரோடு வெளியே அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஒட்டிக்கொள்ளக் கல் கிடைத்தால் தங்கும். பிஓடி அதிகமுள்ள நீரில் மற்றப் பக்டீரியாக்கள் வேகமாகப் பெருகி இடத்தையும் ஒட்சிசனையும் பிடித்துக்கொள்ளும். கரைந்த பிஓடி 20, 30க்குக் கீழே வந்த பிறகுதான் இவற்றின் காலம் தொடங்கும். வடிகட்டியை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால் சளி அடைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

அளவைப் பாருங்கள். மோசமான மாதத்தில் முதல் முதிர்ச்சித் தடாகத்தைத் தாண்டி வடிகட்டிக்கு வருவது 62, நமது இலக்கு 10. நாளுக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம் நைதரசன் மாற வேண்டும். ஒரு சதுர மீற்றர் கல் மேற்பரப்பு நாளுக்கு அரைக் கிராம் செய்யும் என்று அடக்கமாகக் கொண்டால் 4,160 சதுர மீற்றர் வேண்டும். இரண்டு அங்குல அளவுக் கருங்கல்லில் ஒரு கன மீற்றருக்கு 80 சதுர மீற்றரளவு மேற்பரப்பு கிடைக்கும். ஆகவே 52 கன மீற்றர் கல், ஒன்றரை மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால் 35 சதுர மீற்றர் தரை. கல்லைக் கழுவித்தான் போட வேண்டும். தூசியோடு கொட்டினால் அடியில் சேறு கட்டிக் காற்றோட்டம் நின்றுவிடும்.

கல்லைத் தண்ணீருக்குள் மூழ்கவைக்காதீர்கள். துளையிட்ட குழாய்களால் மேலே பரவலாகத் தூவி, கற்களின் இடுக்கால் வழிந்து இறங்க விடுங்கள். அடிச்சுவரைச் சுற்றிக் காற்று புகும் துளைகள் வைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒட்சிசன் தானாகவே வரும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்ற 4.57 கிராம் ஒட்சிசன் செலவாகிறது. நமது கணக்கில் நாளுக்கு ஒன்பதரைக் கிலோகிராம். இதைச் சக்கரக் காற்றூட்டியால் கொடுக்க, ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரைக் கிலோகிராம் என்று பார்த்தாலும் நாளுக்கு 14 அலகு மின்சாரம் போகும். நாளாந்த நீரின் நான்கு மடங்கை மூன்று மீற்றர் உயரத்துக்கு ஏற்றித் தூவும் பம்புக்கு மூன்று, நான்கு அலகு போதும். மின்வெட்டு இரண்டு மணித்தியாலம் நீடித்தாலும் ஈரக் கல்லில் பக்டீரியா சாகாது.

பச்சைத் தடாகத்திலிருந்தும் முதிர்ச்சித் தடாகத்திலிருந்தும் நீர் எடுக்கும் குழாயின் வாய் மேற்பரப்பிலிருந்து இரண்டடி கீழே இருக்கட்டும். பாசி கூட்டமாக நிற்பது மேலேதான்.

கல் வாங்க வசதியில்லையா? கல்முனை, வாழைச்சேனைப் பக்கத்தில் கழித்துப்போடும் நைலோன் மீன்வலைகளை நன்றாகக் கழுவி, சட்டத்தில் இறுக்கிக் கட்டி, திரைபோலத் தொங்கவிட்டாலும் பக்டீரியா ஒட்டும். கல்லைப் போலக் கணக்குப் போட முடியாது. நைந்துபோன வலையைத் தவிருங்கள், நூல் பிய்ந்து வாவிக்குப் போகும். தும்பும் பொச்சும் மலிவு என்று தோன்றும். அவை உக்கத் தொடங்கினால் பிஓடியைக் கூட்டும், பிறகு அடைக்கும்.

படி 5: காரத்தன்மை

அமோனியா நைத்திரேற்றாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. ஒரு கிராம் நைதரசனுக்கு, கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை அழியும். 52 மில்லிகிராம் மாறும் நமது நீருக்கு லீற்றருக்கு 370 மில்லிகிராம் வேண்டும். வெளியே போகும் நீரில் 80ஆவது மிஞ்சியிருக்க வேண்டும். ஆகவே வடிகட்டிக்கு வரும் நீரில் 450 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பீஎச் ஏழுக்குக் கீழே இறங்கும், ஆறரைக்கு அருகில் பக்டீரியாக்களின் வேலை வெகுவாக மந்தமாகிவிடும். ஒட்சிசன் எவ்வளவு கொடுத்தாலும் அசையாது. காற்றூட்டி வாங்கியும் பலன் காணாதவர்களில் பலர் அகப்பட்டிருப்பது இந்த இடத்தில்தான்.

லீற்றருக்கு 100 மில்லிகிராம் குறைகிறது என்றால் நமது 40 கன மீற்றருக்கு நாளுக்கு ஆறே முக்கால் கிலோகிராம் அப்பச்சோடா வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு மூன்று கிலோகிராமே போதும், விலையும் குறைவு. அதை ஒரேயடியாகக் கொட்டினால் பீஎச் 9, 10க்குப் பாயும், அமோனியா நச்சு வடிவத்துக்குத் திரும்பும், பக்டீரியாவும் சாகும். பீப்பாவில் பாலாகக் கரைத்து, சிறு குழாயால் நாள் முழுக்கச் சொட்ட விடுங்கள். மட்டி ஓட்டையும் சிப்பி ஓட்டையும் நொறுக்கி வடிகட்டியின் கடைசி அடுக்காகப் போடலாம். நீர் அமிலப் பக்கம் சாயும்போது மட்டும் அது கரைந்து கைகொடுக்கும். முருகைக்கல் வேண்டாம்.

படி 6: நைத்திரேற்றையும் வெளியேற்றுங்கள்

வடிகட்டியின் கீழ் வரும் நீரில், தூவுவதற்காகத் திரும்ப ஏற்றும் பங்கு போக, நாளாந்த அளவுக்குச் சமமான இன்னொரு பங்கைப் பச்சைத் தடாகத்தின் தொடக்கத்துக்குத் திருப்புங்கள். அங்கே உணவு நிறைய, ஒட்சிசன் குறைவு. பக்டீரியாக்கள் நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ளும், நைதரசன் வாயுவாகக் காற்றில் கலக்கும். சம பங்கு திருப்பினால் நைத்திரேற்றில் பாதி போகும், இரு மடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு. கூடவே ஒரு கிராமுக்கு 3.57 கிராம் காரத்தன்மை திரும்பக் கிடைக்கிறது, சுண்ணாம்புச் செலவு இறங்கும். காற்றில்லாத் தடாகத்துக்கு மட்டும் இந்த நீரைத் திருப்பக் கூடாது. அங்குள்ள பக்டீரியாவுக்கு ஒட்சிசனும் ஆகாது, நைத்திரேற்றும் ஆகாது.

படி 7: தொடங்கும் காலம்

புதிய கல்லில் பக்டீரியா பிடிக்க மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். நன்றாக இயங்கும் வேறொரு வடிகட்டியின் சளி பிடித்த கல் சில வாளி கிடைத்தால் மேலே தூவுங்கள், காலம் சுருங்கும். முதலில் பாதி நீரை மட்டும் விடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நைத்திரைற்று உயரும், அதுவும் மீனுக்கு நஞ்சு. அது இறங்கும் வரை வெளியே விடாமல் சுற்ற விடுவது நல்லது. சித்திரையில் தொடங்கினால் மாரி வருவதற்குள் வடிகட்டி முதிர்ந்துவிடும். ஐப்பசியில் திறப்பு விழா வைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கழுவும் பெனாயில், குளோரின், மாட்டுக்குப் போட்ட மருந்தின் மீதி ஆகியவற்றை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம் என்று வேலை செய்பவர்களுக்குக் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள். ஒரு நாள் ஊற்றிய குளோரின் ஒரு மாத வளர்ச்சியை அழித்துவிடும்.

மாரியும் கோடையும்

கார்த்திகை முதல் தை வரை ஆண்டின் பெரும்பகுதி மழை கொட்டிவிடும். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் நமது தடாகங்களின் மேற்பரப்பில் மட்டும் 110 கன மீற்றர் விழும், ஏறத்தாழ மூன்று நாள் கழிவுநீருக்குச் சமம். நீர் மட்டத்துக்கு மேல் வரம்பு இரண்டடியாவது நிற்க வேண்டும். கூரை நீரும் முற்றத்து நீரும் தடாகத்துக்குள் வரவே கூடாது, அதைத் தனி வாய்க்காலில் விடுங்கள். மழை நாட்களில் வடிகட்டிப் பம்பை நிறுத்துவது பலரின் பழக்கம். பாசி வேலை செய்யாத அந்த நாட்களில்தான் வடிகட்டி அதிகம் தேவை.

கோடையில் சிக்கல் வேறு. நீர் ஆவியாகி உப்புச் செறிவு ஏறும். எழுவான்கரையில் கிணற்று நீரே உவர்ப்பாகும். மெல்ல ஏறும் உப்புக்குப் பக்டீரியா பழகிக்கொள்ளும், திடீர் ஏற்றத்துக்குப் பழகாது. சுடச்சுட அடியில் கிடக்கும் சேறும் வேகமாக அழுகி அமோனியாவைக் கக்கும்.

செடி வளர்க்கலாமா

ஆற்றுவாழையைத் தடாகம் முழுக்கப் பரவ விட்டால் சுத்தமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. பச்சைத் தடாகத்தில் அதை ஒருபோதும் விடாதீர்கள். வெளிச்சம் மறைந்து பாசி சாகும், ஒட்சிசன் போகும், நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அறுவடை செய்யாத செடி உறிஞ்சியதை எல்லாம் அழுகித் திருப்பித் தந்துவிடும். செடி வேண்டுமென்றால் கடைசித் தடாகத்துக்குப் பிறகு ஒரு ஆழமற்ற பாத்தியில் பாய் இழைக்கும் பன்னை நடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், வெட்டியதற்கு வேலையும் இருக்கிறது.

அமோனியா திடீரென்று ஏறினால்

முதலில் சேற்றை அளவுங்கள். நீண்ட மூங்கிலின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, தடாகத்தின் அடி தட்டும் வரை மெதுவாக நேராக இறக்கி, பத்து எண்ணி, அப்படியே தூக்குங்கள். துணியில் கீழே கரிய பட்டை ஒன்று தெளிவாகப் பதிந்திருக்கும், அதற்கு மேலே வெளிறிய பச்சை. கரிய பட்டையின் உயரமே சேற்றின் உயரம். ஐந்தாறு இடத்தில் பாருங்கள், உள்வாய்ப் பக்கம் எப்போதும் கூட இருக்கும். ஆழத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டிவிட்டால் அள்ள வேண்டிய நேரம். இதை ஒருவர் தனியாகச் செய்யக் கூடாது. காற்றில்லாத் தடாகத்தில் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு இருக்கும், வரம்பும் வழுக்கும்.

சேறு காரணமில்லை என்றால் வடிகட்டிக்கு வாருங்கள். வெளியே வரும் நீரில் பீஎச் ஏழுக்குக் கீழே என்றால் காரத்தன்மை போதவில்லை. பீஎச் சரி, ஆனால் நாற்றமும் சாம்பல் நிறச் சளியும் இருக்கிறது என்றால் பிஓடி அதிகமாக வருகிறது, முன் தடாகங்களைப் பாருங்கள். நல்ல வடிகட்டியின் கல் மெல்லிய கபில நிறப் படலத்தோடு மண் வாசம் வீசும். இரண்டும் சரி, மேலே சில இடம் காய்ந்து கிடக்கிறது என்றால் தூவும் குழாயின் துளைகள் அடைத்திருக்கின்றன, ஈர்க்கால் குத்திவிடுங்கள். எல்லாமே சரியாக இருந்தும் அமோனியா ஏறினால், யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

சேற்றை அள்ளும்போது

பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் அள்ளுங்கள். முழுவதையும் எடுக்காமல், விதையாகக் கால் பங்கை அடியில் விடுங்கள். பெக்கோவை விரிப்புப் போட்ட தடாகத்தில் இறக்கினால் விரிப்புக் கிழியும். சேற்றுப் பம்பும் கலி பவுசரும் பாதுகாப்பு. மணல் பாத்தியில் ஓரடிக்கு மேல் போகாமல் பரப்பி உலரவிட்டு, வடியும் கறுப்பு நீரைப் பச்சைத் தடாகத்துக்கே திருப்புங்கள். அந்த நீரில் அமோனியா நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பதால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல் பல நாட்களுக்குப் பிரித்து விடுங்கள். உலர்ந்த சேற்றை வைக்கோலோடு குவித்து, நன்றாகச் சூடேறி உக்கிய பிறகு தென்னைக்கும் வயலுக்கும் போடலாம். மனிதக் கழிவு கலந்த சேறானால் கீரைப் பாத்திக்குப் போடக் கூடாது.